க்ரோம்ஃபோர்ட் கால்வாய்க் கரையில் ஒரு சின்ன நடை

நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான த்ரெட். சுகர், பிரஷர், மாத்திரைக்கெல்லாம் இன்னைக்கு லீவு. ஒரு கால்வாய்க் கரை, ஒரு காடு, நடுவுல ஒரு ஆஸ்பத்திரிக் கணக்கு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல நான் ஏன் நடக்கப் போனேன்னு சொல்லிடுறேன்.

நான் வேலை பார்க்கிற இடத்தில் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு கூட்டம் நடக்கும். வார்டில் யார் யார் இறந்தாங்க, யாருக்கு எதிர்பாராத சிக்கல் வந்துச்சு, எங்கே தவறினோம் என்று உட்கார்ந்து பேசுவோம். டாக்டர்களுக்கு இது பழகின விஷயம்தான். இந்தத் தடவை குளிர்காலக் கணக்கைப் படிக்க வேண்டியது என் முறை. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு, ஆஸ்பத்திரியாலேயே தொற்றிய கேஸ்கள் கூடியிருந்தன. நான் மூணு காரணம் சொன்னேன். நோயாளிகள் ரொம்ப வயசானவங்க. பயங்கரக் குளிர். ஆள் பற்றாக்குறை. மூணும் உண்மைதான். ஆனா மூணுமே எங்க கைக்கு வெளியில் இருக்கிற காரணங்கள்.

கடைசி வரிசையில் இருந்த கேரளாக்கார சீனியர் சிஸ்டர் ஒருத்தங்க மட்டும் கேட்டாங்க: "கை கழுவுற கணக்கு ஸ்லைடுல காணோமே டாக்டர்?"

என்கிட்ட பதில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை மனசு சரியில்லாமல் கிளம்பிப் போன இடம்தான் க்ரோம்ஃபோர்ட். இங்கிலாந்தின் நடுவில் டெர்பிஷயர் மாவட்டத்தில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். டெர்பி நகரத்தில் இருந்து ரயிலில் அரை மணி நேரம். அங்கிருந்து கால்வாய்க் கரையோடு நடந்து, நடுவில் காட்டுக்குள் ஏறி இறங்கி, வாட்ஸ்டாண்ட்வெல் என்கிற அடுத்த ஸ்டேஷனில் ரயில் பிடிக்கலாம். மொத்தமா அஞ்சு ஆறு கிலோமீட்டர்தான். தண்ணி பாட்டிலும் ஒரு சாண்ட்விச்சும் போதும்.

கால்வாய் ஆரம்பிக்கிற படகுத்துறைக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கல் கட்டடம் நிற்கும். கோட்டை மாதிரி இருக்கும். ரோட்டுப் பக்கம் கீழ்த்தளத்தில் ஜன்னலே கிடையாது. இது கோட்டை இல்லீங்க, பஞ்சு மில். ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771இல் ஆரம்பித்தது. தண்ணீர்ச் சக்கரத்தால் பஞ்சு நூற்கும் இயந்திரத்துக்கு 1769இல் காப்புரிமை வாங்கினவர் அவர். நேரம் வைத்து, மணி அடித்து, ஷிப்ட் போட்டு, நூற்றுக்கணக்கான பேரை ஒரே கூரையின் கீழ் இயந்திரத்தோடு கட்டிப்போடுகிற தொழிற்சாலை முறை இங்கேதான் உருவானது என்று வரலாற்றுக்காரர்கள் சொல்வார்கள். 2001இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கையே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஜன்னல் இல்லாத சுவருக்கும் காரணம் உண்டு. 1779இல் லங்காஷயரில் அவருடைய இன்னொரு மில்லைக் கைத்தொழில்காரர்கள் கூட்டமாக வந்து அடித்து நொறுக்கினார்கள். அந்தப் பயம்.

நம்ம ஊருக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு, சுருக்கமா சொல்லிட்டுப் போயிடுறேன். அதுக்கு முன்னாடி நூறு வருஷமா இங்கிலாந்துப் பெண்கள் ஆசையாக உடுத்தினது சோழமண்டலக் கரையில் இருந்தும் குஜராத்தில் இருந்தும் வந்த பூப்போட்ட பருத்தித் துணி. காலிகோ என்கிற பெயரே கோழிக்கோட்டில் இருந்து போனது. உள்ளூர்க் கம்பளிக்காரர்களும் பட்டுக்காரர்களும் கத்திக் கூப்பாடு போட்டு 1700இல் ஒரு சட்டம், 1721இல் அதைவிடக் கடுமையா ஒரு சட்டம். அச்சடித்த பருத்தித் துணியை உடுத்துவதே குற்றம்! 1774இல் ஆர்க்ரைட் பார்லிமென்ட்டில் முட்டி மோதி, இங்கிலாந்திலேயே நூற்று நெய்த பருத்திக்கு மட்டும் வழி திறந்துவிட்டார். அதுக்கப்புறம் நம்ம நெசவாளிகளுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

மில்லுக்குள் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஏழு வயசுக் குழந்தைகளும் இருந்தார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரவும் பகலும். டெர்பிக்கார ஓவியர் ஜோசஃப் ரைட் இந்த மில்லை ராத்திரியில் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. நிலா வெளிச்சத்தில் மலை, அடிவாரத்தில் வரிசையாக விளக்கு எரிகிற ஜன்னல்கள். பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே யார் முழிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பார்த்தால் வேற மாதிரி தெரியும். பஞ்சுத் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்று எங்க பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி வரும். லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சு இறுக்கும், அதனால் அதுக்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று பேர். அது ஒரு நோயின் பெயராக ஆனது ரொம்ப வருஷம் கழித்து.

சரி, நடப்போம்.

கால்வாய்க்கு 1789இல் சட்டம் போட்டு, 1794இல் திறந்தார்கள். பதினாலரை மைல் நீளம். தெற்கே போய் இன்னொரு கால்வாயில் சேர்ந்து, அங்கிருந்து நாடு முழுக்கப் படகு போகலாம். சுண்ணாம்புக் கல், நிலக்கரி, ஈயம், பஞ்சு எல்லாம் போனது. ஆர்க்ரைட் அதுக்காக அலையோ அலைன்னு அலைந்தவர், 1792லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். படகு போறதைப் பார்க்கக் கொடுத்து வைக்கலை.

இந்தக் கால்வாயின் தண்ணீர்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. இந்த மலைகள் முழுக்க ஈயச் சுரங்கங்கள். சுரங்கத்துக்குள் தண்ணீர் ஊறும். அதை வெளியேற்ற மலையடிவாரத்தில் இருந்து சுரங்கம் வரைக்கும் நீண்ட வடிகால் குடைவார்கள். அப்படி ஒரு வடிகால் க்ரோம்ஃபோர்டில் வெளியே வந்தது. பூமிக்குள் இருந்து வருவதால் அந்தத் தண்ணீர் குளிர்காலத்திலும் உறையாது. மத்த மில்கள் பனியில் நின்றுபோகும், ஆர்க்ரைட் மில் ஓடும். அந்த ஊரை அவர் தேர்ந்தெடுத்ததுக்கு அது ஒரு முக்கியமான காரணம். மில்லைச் சுற்றிவிட்ட தண்ணீர் அப்புறம் கால்வாய்க்கு வரும். சுரங்கத்தின் கழிவு மில்லுக்குச் சக்தி, மில்லின் மிச்சம் கால்வாய்க்குத் தண்ணீர். ஒரு சொட்டு வீணாகலை பாருங்க.

அப்புறம் வேற சுரங்கக்காரர்கள் இன்னும் தாழ்வாக மீர்புரூக் வடிகால் என்று ஒன்று குடைந்தார்கள். நிலத்தடி நீர் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. கால்வாய் வற்ற ஆரம்பித்தது. பக்கத்து வயலில் ஆழமா போர் போட்டா நம்ம கிணறு வத்துற கதைதான்.

படகு போக்குவரத்து நின்று பல காலம் ஆச்சு. தெற்கே பட்டர்லி சுரங்கப்பாதை மண் இறங்கி 1900இல் மூடப்பட்டது, 1944இல் கால்வாயையே சட்டப்படி கைவிட்டார்கள். கைவிட்டதால் தான் இன்னைக்கு இந்தக் கரை இப்படி இருக்கு. இந்த முதல் ஐந்து மைல் பாதுகாக்கப்பட்ட பகுதி. தண்ணீர் அசையாமல் கிடக்கும், மேலே ஆல்டர் மரங்கள் கவிந்திருக்கும். முக்குளிப்பான் குஞ்சுகள் இருக்கும். பொறுமையா நின்றால் நீர் எலி ஒன்று புல் தின்பதைப் பார்க்கலாம். நான் இருபது நிமிஷம் நின்றேன். ப்ளக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது, எலியைக் காணோம்.

ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டினால் ஹை பீக் ஜங்ஷன். இங்கிருந்து மலையைத் தாண்டி அந்தப் பக்கக் கால்வாய்க்குப் போக வழி வேண்டும். சுண்ணாம்பு மலையில் கால்வாய் வெட்டினால் நிரப்பத் தண்ணீர் கிடையாது. அதனால் 1830ஐ ஒட்டி, கால்வாய்க்குப் பதிலாக ஒரு ரயில்பாதை போட்டார்கள். அதன் பழக்கம் முழுக்கக் கால்வாய்ப் பழக்கம்தான், ஸ்டேஷன்களுக்குக்கூடப் படகுத்துறை என்றே பெயர். செங்குத்தான சரிவில் வண்டிகளைக் கயிறு கட்டி இழுப்பார்கள். 1888இல் இரண்டு வண்டிகள் பிய்த்துக்கொண்டு ஓடிவந்து, கால்வாயைத் தாண்டிப் பறந்து, அந்தப் பக்கம் போய் விழுந்தன. அதுக்கப்புறம் சரிவின் அடியில் ஒரு பள்ளம் வெட்டினார்கள். கட்டுப்பாடு இழந்த வண்டி இனிமேல் அதில் விழட்டும் என்று. அப்படி விழுந்த ஒரு வண்டியின் நசுங்கிய மிச்சம் இன்னமும் அதில் கிடக்கிறது.

பக்கத்திலேயே லீவுட் பம்ப் ஹவுஸ். வத்திப்போன கால்வாய்க்கு ஆற்றில் இருந்து தண்ணீர் ஏற்ற 1849இல் கட்டின நீராவி இயந்திரம். அதுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணியில் இருந்து ஞாயிறு ராத்திரி எட்டு மணி வரைக்கும் மட்டும்தான் ஆற்றில் தண்ணீர் எடுக்கலாம். ஏன்னு யோசிச்சுப் பாருங்க. மத்த ஆறு நாளும் ஆற்றுத் தண்ணீர் கீழே இருக்கிற மில்களுக்குச் சொந்தம். மில் தூங்குகிற அந்த ஒரு நாளில் ஒரு வாரத்துத் தண்ணீரை இறைத்துக்கொள்ள வேண்டும். தன்னார்வலர்கள் சேர்ந்து ரிப்பேர் பண்ணி, வருஷத்தில் சில நாள் இன்னமும் நீராவியில் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

அடுத்து வருவது டெர்வென்ட் ஆற்றின் மேல் கால்வாயைத் தூக்கிக்கொண்டு போகிற பாலம். கீழே ஆறு ஓடும், மேலே கால்வாய் நிற்கும். கட்டினவர் வில்லியம் ஜெஸ்ஸப், அந்தக் காலத்தில் பெரிய பெயர். கட்டி முடித்த கையோடு பாலம் விரிசல் விட்டது.

இங்கேதான் நான் உட்கார்ந்துட்டேன்.

ஜெஸ்ஸப்புக்குத் தப்பிக்க வழி இருந்தது. உள்ளூர் சுண்ணாம்பு சரியாக இறுகவில்லை என்பது உண்மையான காரணம்தான், அதை மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கலாம். அவர் கால்வாய்க் கமிட்டியிடம், முகப்புச் சுவருக்குப் போதுமான பலம் கொடுக்காதது என் தவறு என்று ஒப்புக்கொண்டார். தன் சொந்தக் காசில் சரிசெய்து கொடுத்தார். அதுக்கப்புறமும் அவருக்கு வேலை குறையவே இல்லை. பாலம் இருநூறு வருஷத்துக்கு மேல் நிற்கிறது.

மூணு காரணம் சொன்ன என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்துச்சு.

பாலத்தைத் தாண்டினதும் இடது பக்கம் ஒரு சின்னக் கிளைக் கால்வாய் பிரியும். இப்போ தண்ணீர் இல்லை, சேறும் இலைச்சருகும்தான். அதுக்கு நைட்டிங்கேல் கிளை என்றும் ஒரு பேர் உண்டு. 1802இல் பீட்டர் நைட்டிங்கேல் என்பவர் தன் சொந்தச் செலவில் வெட்டினது. ஈயம் வாங்கி விற்பவர், உருக்குபவர், பெரிய நிலக்காரர். க்ரோம்ஃபோர்ட் எஸ்டேட்டை வாங்கி, 1789இல் ஆர்க்ரைட்டுக்கு விற்றவரும் இவர்தான். லீ கிராமத்தில் 1784இல் இவர் கூட்டாகத் தொடங்கின மில் ஜான் ஸ்மெட்லி என்கிற பேரில் இன்னைக்கும் ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருக்கு.

நைட்டிங்கேல் என்கிற பேரைக் கேட்டதும் நீங்க நினைச்சது சரிதான். கொஞ்சம் பொறுங்க, காட்டைத் தாண்டி வர்றேன்.

கிளைக் கால்வாயை ஒட்டி மேலே ஏறினால் லீ வுட். ஏப்ரல் கடைசி, மே மாசம் போனால் தரை முழுக்க நீலப்பூ, ஈரமான இடத்தில் காட்டுப் பூண்டின் வாசனை. யாரும் கால் வைக்காத ஆதிகாலக் காடு என்று தோன்றும். அப்படி இல்லை. இந்தப் பகுதிக் காடுகள் பல நூறு வருஷம் ஈயத் தொழிலுக்கு விறகு கொடுத்தவை. மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை மட்டும் விட்டு வெட்டிவிடுவார்கள். அதே அடிமரத்தில் இருந்து அஞ்சாறு கிளை தளிர்த்து வரும், பதினைஞ்சு இருபது வருஷத்தில் மறுபடி வெட்டுவார்கள். ஒரே அடியில் இருந்து பல தண்டு கிளம்பி நிற்கிற மரத்தைப் பார்த்தீங்கன்னா, அது வெட்டுப்பட்டு வளர்ந்த மரம்.

டெர்பிஷயர்க் காடுகளில் தரையில் வட்டமான பள்ளங்கள் இருக்கும். சரிவுப் பக்கம் ஒரு வாய் விட்டு, ஆங்கில எழுத்து க்யூ மாதிரி. அதில் விறகைக் கரியாக எரிக்காமல், ஈரம் போகும்வரை மட்டும் வாட்டி எடுப்பார்கள். அதுக்கு வெள்ளைக் கரி என்று பேர். ஈயத்தை உருக்கக் கரியின் சூடு அதிகம், பச்சை விறகின் சூடு குறைவு. நடுவாந்தரமா வேணும். அதுக்குத்தான் இது.

ஈயம் என்றதும் டாக்டருக்கு வேற ஞாபகம் வரும். முறுக்கிப் பிடிக்கிற வயித்து வலி, மலச்சிக்கல், ரத்தசோகை, ஈறில் நீலக் கோடு, மணிக்கட்டு தொங்கிப்போவது. உருக்குகிற புகை படிந்த புல்லைத் தின்ற ஆடு மாடுகள் செத்துப்போகும். அந்த விஷத்துக்கு டெர்பிஷயரில் பெல்லண்ட் என்று தனிப் பெயரே உண்டு. ஒரு ஊர்ப் பேச்சில் ஒரு விஷத்துக்குத் தனிச்சொல் இருந்தால் அந்த ஊர் எவ்வளவு அனுபவிச்சிருக்கும்! கழுத்தில் வருகிற தைராய்டு வீக்கத்துக்கும் டெர்பிஷயர் கழுத்து என்று பழைய மருத்துவ நூல்களில் பெயர். அதுக்கு ஈயம் காரணமில்லை, அயோடின் குறைவு. கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஊர், மண்ணில் அயோடின் கம்மி.

காட்டைத் தாண்டி மேலே வந்தால் ஹாலோவே என்கிற ஊர். அதன் விளிம்பில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு கல் வீடு. லீ ஹர்ஸ்ட். தனியார் சொத்து, வெளியே பாதையில் நின்றுதான் பார்க்கணும்.

பீட்டர் நைட்டிங்கேலுக்கு வாரிசு வழியில் சொத்து போய்ச் சேர்ந்தது வில்லியம் ஷோர் என்கிற பையனுக்கு. 1815இல் சொத்தோடு சேர்த்து நைட்டிங்கேல் என்கிற குடும்பப் பேரையும் எடுத்துக்கொண்டார். அவர் 1820களில் கட்டின கோடை வீடு இது. அவருடைய இரண்டாவது மகள் இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரில் 1820 மே 12ஆம் தேதி பிறந்தாள். ஊர்ப் பேரையே குழந்தைக்கு வைத்தார்கள். அந்தத் தேதியைத்தான் உலகச் செவிலியர் தினமாக ஒவ்வொரு வருஷமும் கேக் வெட்டிக் கொண்டாடுகிறோம்.

சின்ன வயசில் இந்த வீட்டில் இருந்து இறங்கி, மில்லிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்த குடும்பங்களின் குடிசைகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்து வந்தவர் ஃப்ளோரன்ஸ். நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றபோது குடும்பமே எதிர்த்தது. 1853இல் அப்பா மனசு இறங்கி, வருஷத்துக்கு 500 பவுண்டு தன் மகளுக்கென்று ஒதுக்கினார். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். யாரையும் சார்ந்திருக்காமல், சம்பளம் கேட்காமல் வேலை பார்க்கிற சுதந்திரம் அதில் வந்தது. குடும்பச் சொத்தின் வேர் ஈயத்திலும் நிலத்திலும் பஞ்சிலும் இருந்தது. அந்தப் பஞ்சு பெரும்பாலும் அட்லாண்டிக்கின் அந்தக் கரையில் அடிமைகள் விளைவித்தது. நான் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏத்த வரலை. கால்வாயில் இருந்து அந்த வீட்டுக்கு நடந்து ஏறும்போது அந்த 500 பவுண்டு வந்த வழியேதான் நாம ஏறுறோம். அதை மட்டும் சொல்றேன்.

இப்போ ஆஸ்பத்திரிக் கணக்கு.

1854 நவம்பரில் 38 நர்சுகளோடு துருக்கியில் ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கினார் ஃப்ளோரன்ஸ். விளக்கேந்திய சீமாட்டி கதை எல்லாருக்கும் தெரியும். நமக்குச் சொல்லித்தராத பகுதி இது: அவர் வந்த பிறகு இறப்பு குறையவில்லை, கூடியது. 1855 பிப்ரவரியில் இறப்பு விகிதம் 42 சதவீதத்தைத் தாண்டியது. போர்க்களத்துக்குப் பக்கத்தில் கூடாரத்தில் கிடந்தவர்களைவிட, கப்பலேறி இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அதிகம் செத்தார்கள். கட்டடம் அடைத்துக்கொண்ட சாக்கடைகளின் மேல் நின்றது.

மார்ச் மாசம் அரசு ஒரு சுகாதாரக் கமிஷனை அனுப்பியது. அதில் ஜான் சதர்லண்ட் என்கிற டாக்டர் இருந்தார், ராபர்ட் ராலின்சன் என்கிற பொறியாளரும் இருந்தார். ராலின்சன் ஒரு காலத்தில் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் நிர்வாகத்தில் வேலை பார்த்தவர், தண்ணீர் எங்கே ஓடணும், எங்கே தேங்கக் கூடாது என்று தெரிந்த ஆள். குடிதண்ணீர் வருகிற வழியில் ஒரு குதிரைப் பிணம் கிடந்தது. அதை எடுத்தார்கள். சாக்கடையை அலசிவிட்டார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காற்று வரக் கூரையைத் திறந்துவிட்டார்கள். ஜூன் வாக்கில் இறப்பு 2 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

ஃப்ளோரன்ஸ் அப்போது முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை. உணவு இல்லை, துணி இல்லை, ஆட்கள் சாகிற நிலையில்தான் வந்து சேர்கிறார்கள் என்றே நினைத்திருந்தார். மூணு காரணம் மாதிரி.

போர் முடிந்து 1856 ஆகஸ்டில் ஊர் திரும்பினார். நாடே வரவேற்கக் காத்திருந்தது. அவர் மிஸ் ஸ்மித் என்று பேரை மாற்றிக்கொண்டு வந்து, வாட்ஸ்டாண்ட்வெல்லில் ரயிலை விட்டு இறங்கி, இந்த மேட்டில் தனியாக நடந்து ஏறி வீட்டுக்குப் போனார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நான் இறங்கப் போகிற அதே சரிவு.

அப்புறம் வில்லியம் ஃபார் என்கிற புள்ளியியல் மேதையோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். கணக்கு என்ன சொன்னதுன்னா, தான் பொறுப்பாக இருந்த ஆஸ்பத்திரிதான் எல்லாவற்றிலும் மோசம். அரசுக்கு 1858இல் கொடுத்த நீண்ட அறிக்கையில் அதை மறைக்காமல் எழுதினார். மாசம் மாசமாக விரியும் அந்தப் புகழ்பெற்ற வட்ட வரைபடத்தில் நீல நிறம் தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள், சிவப்பு காயத்தால் செத்தவர்கள். நீலம் பக்கத்தையே அடைச்சிருக்கும், சிவப்பு நடுவில் ஒரு துணுக்கு. உலகமே தன்னைத் தேவதை என்று கும்பிடுகிற நேரத்தில், தன் வார்டின் சாவுக் கணக்கை எடுத்து வண்ணம் தீட்டி நீட்டின மனுஷி.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. நோய் ஆளுக்கு ஆள் தொத்தும் என்பதை ரொம்ப காலம் ஏற்கவில்லை, கெட்ட காற்றும் அழுக்கும்தான் எல்லாம் என்று சாதித்தார். பிரிட்டிஷ் ஆட்சி நல்லது செய்யும் என்று நம்பினார். 1857க்குப் பிறகு அவருக்கு உடம்பும் போய்விட்டது. புரூசெல்லோசிஸ் ஆக இருக்கலாம் என்று பின்னாளில் ஒரு கருத்து உண்டு. பெரும்பாலும் அறைக்குள்ளேயே, படுக்கையிலேயே வாழ்ந்தார்.

அந்தப் படுக்கையில் இருந்து அவர் எழுதின இடங்களில் ஒன்று நம்ம ஊர். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. முதலில் கேட்டது இந்தியாவில் இருக்கிற பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஏன் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்று. கேள்வித்தாள் அனுப்பி, பதில்களைக் குவித்து, சாக்கடையும் குடிதண்ணீரும் என்று முடிவு கட்டினார். பத்து வருஷத்தில் அது 18க்கு இறங்கியது. பிறகு சிப்பாயை விட்டு விவசாயிக்கு வந்தார். பஞ்சத்தில் சாகிறவனுக்கு நர்ஸ் என்ன செய்ய முடியும், தண்ணீர் வேண்டும் என்றார். ஆர்தர் காட்டனோடு சேர்ந்துகொண்டார். திருச்சிக்காரங்க பிக்னிக் போற முக்கொம்பில் 1836இல் மேலணை கட்டத் தொடங்கினாரே, அவரேதான். ரயிலுக்குக் கொட்டுகிற பணத்தைப் பாசனத்துக்கும் படகு போகும் கால்வாய்களுக்கும் கொடுங்கள் என்று இரண்டு பேரும் அரசை அரித்தார்கள். அரசுக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு கால்வாயைப் பார்த்தபடி வளர்ந்த பொண்ணு வேற என்ன சொல்வா என்று எனக்குத் தோணுச்சு. இது என் ஊகம், வரலாறு இல்லை.

1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலைக்கு வருகிற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா காசு என்று ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம். அரிசியாகக் கணக்குப் போட்டால் சுமார் 1600 கலோரி. மண் வெட்டிச் சுமக்கிற ஆளுக்கு அதில் பாதி நாள்கூட ஓடாது. முந்தின பஞ்சத்தில் பீகாரில் பர்மா அரிசியை இறக்கி ஜனங்களைக் காப்பாற்றினவரும் இதே டெம்பிள்தான். அப்போ அதிகம் செலவு பண்ணிட்டார் என்று திட்டு வாங்கினார். அந்தத் திட்டு இப்படி விடிந்தது.

எதிர்த்து நின்றவர் சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். ஒன்றரைப் பவுண்டு தானியம், காய்கறி, பருப்பு இல்லாமல் உழைக்கிற உடம்பு தேறாது என்று வாதாடினார். 1877 மார்ச்சில் பாதி தூரம் இறங்கி வந்தார்கள்: ஒன்றேகால் பவுண்டு தானியம், கொஞ்சம் பருப்பு. அதுக்குள் போனது போனதுதான். மொத்தத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் பஞ்சத்தில் நிவாரணக் கூலிக்கு வெட்டப்பட்டதுதான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாயின் எட்டு கிலோமீட்டர். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத் தாண்டுறோமே, அது. 1878இல் ஃப்ளோரன்ஸ் இந்திய மக்களைப் பற்றி எழுதின கட்டுரை இங்கிலாந்து வாசகர்களைக் குற்றம் சாட்டியே தொடங்கும். அப்போது அவருக்கு வயது 58.

லீ ஹர்ஸ்ட் கேட்டுக்கு வெளியே நின்னு சாண்ட்விச்சைச் சாப்பிட்டுட்டு இறங்கினேன். காட்டுப் பாதை மறுபடி கால்வாய்க்கே கொண்டுவந்து விடும். அங்கிருந்து வாட்ஸ்டாண்ட்வெல் வரைக்கும் மேடு பள்ளமே இல்லாத நிழல் பாதை. இந்தப் பக்கம் வர்றவங்க நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கங்க, மழைக்கு அப்புறம் லீ வுட் சரிவு வழுக்கும். முட்டி வலி இருக்கிறவங்க காட்டை விட்டுட்டுக் கால்வாயோடவே வந்துடலாம், ஒண்ணும் குறையாது.

ரயிலுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்துச்சு. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அந்த சிஸ்டருக்கு ஒரு மெசேஜ் போட்டேன். மூணு மாசத்துக்கும் கை கழுவுற தணிக்கை ஷீட் வேணும், டாக்டர்களுக்குத் தனியா, நர்சுகளுக்குத் தனியா, என் பேரும் அதில் இருக்கட்டும்.

ரயில் ஏறின பிறகு பதில் வந்தது.

"திங்கட்கிழமை உங்க டேபிள்ல இருக்கும் டாக்டர். பார்க்க நல்லா இருக்காது, இப்பவே சொல்லிட்டேன்."